வீட்டுப் பராமரிப்பு நன்றாக நடக்கிறதா? வாசகர் கேள்வி – பதில்

குளிப்பாட்ட, உடுத்திவிட, ஊட்ட, புரட்டிப் படுக்கவைக்க வீட்டில் ஆள் வைத்திருப்பவர்களிடமிருந்து இந்த மாதம் வந்த கேள்விகளில் சில இங்கே. முதியோர் பராமரிப்பிலும் செவிலியர் பணியிலும் பிசியோதெரபியிலும் இருப்பவர்கள் சேர்ந்து பதில் எழுதியிருக்கிறார்கள்.

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து எட்டு மாதம் ஆகிறது. இடது கையும் காலும் வராது. அண்ணன் வீட்டில் இருக்கிறார், பகலில் 12 மணி நேரம் அட்டெண்டர் வருகிறார். நான் பெங்களூரிலிருந்து மாதம் ஒருமுறை வந்து பார்க்கிறேன். வரும்போதெல்லாம் அம்மா தலை சீவி, பவுடர் பூசி, பளிச்சென்று இருக்கிறார். மற்ற நாட்களிலும் இப்படித்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
— வாசகி, மதுரை

பவுடருக்கும் தலை சீவுவதற்கும் ஐந்து நிமிடம் போதும். ஒரு மாதம் நடந்த பராமரிப்பு, எளிதில் கண்ணில் படாத இடங்களில்தான் தெரியும். அடுத்த முறை வரும்போது ஒரு நாள் நீங்களே அம்மாவைக் குளிப்பாட்டுங்கள். அட்டெண்டரை விரட்டிவிட்டுச் செய்ய வேண்டாம், அவரையும் கூட வைத்துக்கொள்ளுங்கள்.

வாயிலிருந்து தொடங்குங்கள். பக்கவாதம் வந்தவர்களுக்குச் செயலிழந்த பக்கக் கன்னத்துக்குள் சோறு ஒதுங்கி நிற்கும், அவர்களுக்கே அது தெரியாது. அம்மாவின் இடது கன்னத்தை விரலால் விலக்கி டார்ச் அடித்துப் பாருங்கள். பழைய உணவும் நாக்கில் தடித்த வெள்ளைப் படிவும் இருந்தால், பல் துலக்குவது பேருக்குத்தான் நடக்கிறது. இது வெறும் வாய் நாற்றத்தோடு முடிகிற விஷயம் அல்ல. வாயில் பெருகும் கிருமி எச்சிலோடு நுரையீரலுக்கு இறங்கி நிமோனியா ஆகும். அடுத்து இடது உள்ளங்கை. இறுகி மூடியிருக்கும் விரல்களை மெதுவாகப் பிரியுங்கள். உள்ளே ஈரமும் வாடையும் நகம் பதிந்த தடமும் இருந்தால், அந்தக் கையைப் பல நாட்களாக யாரும் திறந்து கழுவவில்லை. காதுக்குப் பின்புறம், அக்குள், மார்பகத்தின் அடி மடிப்பு, தொடை இடுக்கு, கால்விரல் இடுக்கு என்று வரிசையாகப் பாருங்கள். சிவந்து, ஓரத்தில் தோல் உரிந்து, அரிப்போடு இருந்தால் கழுவிவிட்டுத் துடைக்காமல் விடுகிறார்கள் என்று பொருள். நம் ஊர் வெயிலில் மடிப்புகளில் படைக்கு ஈரம் ஒன்றே போதும். அதன்மேல் பவுடரைக் கொட்டினால் கட்டிகட்டியாகி இன்னும் உரசும்.

பிறகு அம்மாவை ஒருக்களித்துப் படுக்கவைத்து, வால் எலும்பு இருக்கும் இடம், இரண்டு இடுப்பெலும்பு, குதிகால், கணுக்கால், முழங்கை, பின்னந்தலை, காது மடல் ஆகியவற்றைப் பாருங்கள். நிறம் மாறிய இடத்தை விரலால் மூன்று விநாடி அழுத்தி எடுத்தால், நல்ல தோல் வெளுத்து மறுபடி நிறம் திரும்பும். வெளுக்காமல் அப்படியே நின்றால் அது படுக்கைப் புண்ணின் முதல் கட்டம். மாநிறத்திலும் கறுத்த தோலிலும் இந்தச் சிவப்பு சரியாகத் தெரியாது, புத்தகப் படங்களை நம்பினால் ஏமாந்துபோவோம். சுற்றியுள்ள தோலைவிட அந்த இடம் கருநீலமாக இருக்கிறதா, சூடாகவோ குளிர்ந்தோ இருக்கிறதா, கெட்டிப்பட்டோ கொழகொழவென்றோ இருக்கிறதா என்று புறங்கையால் தொட்டுப் பாருங்கள்.

எடையையும் குறித்து வாருங்கள். 50 கிலோ இருந்தவர் உணவுக்கட்டுப்பாடு எதுவும் இல்லாமல் ஒரே மாதத்தில் இரண்டரை கிலோ, அதாவது 5 சதவீதம் இழந்தால் டாக்டரிடம் பேச வேண்டும். நிறுத்தி எடை பார்க்க முடியாதவர்களுக்குத் தையல் டேப் போதும். நல்ல கையில், தோள் எலும்புக்கும் முழங்கை எலும்புக்கும் நடுவில் சுற்றளவு எடுத்து ஒவ்வொரு மாதமும் அதே இடத்தில் அளந்து எழுதுங்கள். 23.5 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் உடல் எடை குறைவாக இருக்க வாய்ப்பு அதிகம்.

கடைசியாக, அட்டெண்டர் நைட்டி மாற்றிவிடும்போது கூட இருங்கள். போடும்போது செயலிழந்த கை முதலில், கழற்றும்போது அது கடைசியில். இந்த ஒன்றிலேயே தெரிந்தவரா இல்லையா என்று புரிந்துவிடும். இடது கையைப் பிடித்து இழுத்து எழுப்பினால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். தசை பிடிமானம் இல்லாத தோள் மூட்டு இறங்கிப்போய், ஆயுசுக்கும் வலி தரும்.

இன்னொன்றை அண்ணனிடம் நீங்கள்தான் கேட்க வேண்டும். அட்டெண்டர் பகலுக்கு மட்டும்தான். மீதி 12 மணி நேரம் அம்மாவைத் திருப்பிப் படுக்கவைப்பது யார்? முதுகில் புண் இருந்தால் அட்டெண்டரைக் குற்றம் சொல்லும் முன் இந்தக் கேள்விக்கு விடை தேடுங்கள்.

மாமனாருக்கு ஏர் பெட் வாங்கிப் போட்டோம். அப்படியும் இடுப்புக்குக் கீழே புண் வந்துவிட்டது. "படுத்தே கிடப்பவர்களுக்கு இது வரத்தான் செய்யும்" என்கிறது ஆள் அனுப்பிய ஏஜென்சி. உண்மையா?
— வாசகர், ஈரோடு

உயிர் பிரியும் நிலையில், உறுப்புகள் ஒவ்வொன்றாக ஓய்ந்துகொண்டிருக்கும்போது, எவ்வளவு கவனித்தாலும் சிலருக்குத் தோல் விட்டுப்போகும். மற்றபடி பெரும்பாலான படுக்கைப் புண்களைத் தடுக்க முடியும். "வரத்தான் செய்யும்" என்ற பதிலை ஏற்காதீர்கள்.

புண்ணை முதலில் பார்த்தது யார், எந்தக் கட்டத்தில் என்று ஏஜென்சியிடம் கேளுங்கள். தினமும் உடம்பு துடைத்துவிடும் ஆள், நிறம் மாறும்போதே சொல்லியிருக்க வேண்டும். தோல் உரிந்து குழி விழுந்த பிறகு வீட்டார் கண்ணில் பட்டது என்றால், நடுவில் பல நாள் யாரும் முதுகைப் பார்க்கவே இல்லை.

ஏர் பெட் புரட்டும் வேலையைக் குறைக்கும், அந்த வேலையை அதுவே செய்துவிடாது. பல வீடுகளில் அது சரியாக வேலை செய்வதும் இல்லை. ஒரு சோதனை செய்யுங்கள். அவர் மல்லாந்து படுத்திருக்கும்போது, உள்ளங்கை மேல்நோக்கி இருக்கும்படி கையை மெத்தைக்கு அடியில், இடுப்பு இருக்கும் இடத்துக்கு நேர் கீழே நுழையுங்கள். உங்கள் கைக்கும் அவர் எலும்புக்கும் நடுவே குறைந்தது ஓர் அங்குலக் காற்று இருக்க வேண்டும். எலும்பு கையில் இடித்தால் அவர் கட்டில் பலகையில் படுத்திருப்பதும் மெத்தையில் படுத்திருப்பதும் ஒன்றுதான். பம்ப்பின் குமிழ் அவர் எடைக்கு ஏற்ப வைக்கப்பட்டிருக்கிறதா, காற்றுக் குழாய் கட்டில் சட்டத்தில் மாட்டி மடங்கியிருக்கிறதா, கரண்ட் போனால் பம்ப் இன்வெர்ட்டரில் ஓடுகிறதா என்று பாருங்கள். குமிழை முழுக்கத் திருகிக் கல்லாக்கி வைப்பதும் தவறு. அதன்மேல் ரப்பர் ஷீட், அதன்மேல் நாலாக மடித்த வேட்டி, அதன்மேல் டிஸ்போசபிள் ஷீட் என்று அடுக்கினால் காற்று மாறி மாறி ஏறி இறங்குவது தோலுக்கு எட்டாது. ஒரே ஒரு பருத்தி விரிப்பு, சுருக்கமில்லாமல், போதும். எலும்பு துருத்தும் அளவுக்கு மெலிந்து, தானாக அசையவே முடியாதவருக்குச் சின்னச் சின்னக் காற்றுக் கொப்புளங்கள் உள்ள மெத்தையைவிட, குறுக்கே நீளக் குழாய்கள் வரிசையாக உள்ள மெத்தை நல்லது.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிலை மாற்ற வேண்டும். மாற்றுவதிலும் முறை இருக்கிறது. இடுப்பெலும்பின் மேலேயே முழுக்கச் சாய்த்துவிட்டால் புண் அங்கே வரும். முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்து 30 டிகிரி மட்டும் சாய்த்தால் எடை சதையில் இறங்கும். கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்துக் குதிகால் படுக்கையில் படாமல் அந்தரத்தில் நிற்கும்படி செய்யுங்கள். தலைப்பக்கத்தை நெடுநேரம் உயர்த்தியே வைத்தால் உடம்பு கீழே வழுக்கும். தோல் விரிப்பில் ஒட்டி நிற்க, உள்ளே எலும்பு நகர, ரத்தக் குழாய்கள் இழுபட்டுப் புண் உள்ளிருந்தே தொடங்கும். மறுபடி மேலே ஏற்ற அக்குளைப் பிடித்து இழுத்தாலும் இதே சேதம்தான். இடுப்பின் கீழே ஒரு குறுக்கு விரிப்பைப் போட்டு, இரண்டு பேர் இரு பக்கமும் பிடித்துத் தூக்கி நகர்த்த வேண்டும். ஒரே ஆளை வைத்துக்கொண்டு இது நடக்காது, அந்த நேரத்துக்கு வீட்டிலிருந்து ஒருவர் கை கொடுக்க வேண்டும்.

நிறம் மாறிய இடத்தை எண்ணெய் போட்டுத் தேய்ப்பதையும், நடுவில் ஓட்டை உள்ள ரப்பர் வளையத்தின் மேல் உட்காரவைப்பதையும் இன்னும் பல வீடுகளில் பார்க்கிறோம். இரண்டும் கெடுதல். தேய்த்தால் நைந்த திசு கிழியும். வளையம் தன் ஓரத்தில் ரத்த ஓட்டத்தை அடைத்துவிடும். புண் இருக்கும்போது புரதம் கூடுதலாக வேண்டும், ஒரு கிலோ எடைக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை. 50 கிலோ உள்ளவருக்கு 60 முதல் 75 கிராம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம்தான் என்பதால் கஞ்சியும் ரசமும் மட்டும் கொடுத்து இதை எட்ட முடியாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் அளவை டாக்டரிடம் கேட்டே கூட்ட வேண்டும். நாற்றம், சீழ், காய்ச்சல், கறுத்த திசு, இதில் எது தெரிந்தாலும் வீட்டு மருந்து வேண்டாம், அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்.

புரட்டிய நேரத்தை எழுதும் அட்டவணை இருந்தால் அதன் மையைப் பாருங்கள். காலை 8, 10, 12, 2 என்று எல்லாமே ஒரே பேனாவில் ஒரே சாய்வில், ஒரு நிமிடம்கூட முன்பின் இல்லாமல் இருந்தால் சாயங்காலம் உட்கார்ந்து மொத்தமாக எழுதியது. நிஜமான அட்டவணையில் 10.20, 12.45 என்று இருக்கும். "மலம் போனதால் முன்னாடியே மாற்றினேன்" என்பது போல் குறிப்பும் இருக்கும்.

அப்பாவுக்கு மூக்குக் குழாய் வழியாக உணவு. அட்டெண்டர் கெட்டிக்காரர்தான், ஆனால் ஐந்தே நிமிடத்தில் ஒரு வேளைச் சாப்பாட்டைக் கொடுத்து முடித்துவிடுகிறார். அடிக்கடி இருமல் வருகிறது. சம்பந்தம் உண்டா?
— வாசகர், திருச்சி

சம்பந்தம் இருக்கலாம். இருமல் புதிதாக வந்தது என்றால் முதலில் டாக்டரை வைத்து நெஞ்சைச் சோதித்துவிடுங்கள்.

250 மில்லி உணவுக்கு 15 முதல் 20 நிமிடம் ஆக வேண்டும். சிரிஞ்சின் உள்தண்டைக் கழற்றிவிட்டு, வெறும் குழலைக் குழாயில் பொருத்தி, வயிற்றுக்கு ஓரடி உயரத்தில் பிடித்துக்கொண்டால் உணவு தன் எடையிலேயே இறங்கும். தண்டை வைத்து அழுத்தி ஏற்றினால் வயிறு உப்பி, உணவு மேலேறி மூச்சுக்குழாய்க்குப் போகும். கொடுக்கும்போது தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்ந்திருக்க வேண்டும், முடிந்த பிறகும் முக்கால் மணி, ஒரு மணி நேரம் அப்படியே இருக்க வேண்டும். சாப்பாடு முடிந்ததும் படுக்கையைத் தாழ்த்தி டயப்பர் மாற்றுவதுதான் பல வீடுகளில் நடக்கும் தவறு. டயப்பரை உணவுக்கு முன்பே மாற்றிவிடச் சொல்லுங்கள்.

ஒவ்வொரு முறையும் கொடுக்கும் முன், மூக்கு நுனியில் குழாய் மேல் மார்க்கரால் போட்ட கோடு அதே இடத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கோடு நகர்ந்திருந்தாலோ, வாய்க்குள் குழாய் சுருண்டு தெரிந்தாலோ ஒரு சொட்டுகூட ஊற்றக் கூடாது, குழாய் போடத் தெரிந்த செவிலியர் வர வேண்டும். உணவுக்கு முன்னும் பின்னும் 30 மில்லி வெந்நீர் ஆறியதை விட்டுக் குழாயைக் கழுவ வேண்டும், இல்லையென்றால் அடைக்கும். மாத்திரைகளையெல்லாம் ஒன்றாகப் பொடித்துக் கலக்குவதும் அடைப்புக்குக் காரணம். ஒவ்வொன்றாகப் பொடித்து, நடுவில் தண்ணீர் விட வேண்டும். பட்டையில் எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர். என்று போட்ட மாத்திரைகளைப் பொடிக்கவே கூடாது. 12 அல்லது 24 மணி நேரத்துக்கு மெதுவாகக் கரைய வேண்டிய மருந்து மொத்தமாக ஒரே நேரத்தில் உடம்பில் இறங்கிவிடும். மாற்று மருந்து எழுதித் தரச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள்.

குழாயில் சுலபமாக இறங்கட்டும் என்று கஞ்சியைத் தண்ணீராகக் கரைக்கிறார்களா என்றும் பாருங்கள். ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 25 முதல் 30 கலோரி வேண்டும். 50 கிலோ உள்ளவருக்கு 1,250 முதல் 1,500. வயிறு நிறைந்தாலும் ஆள் மெலிவது இதனால்தான். அரைத்த உணவை வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. வாயால் சாப்பிடாதவருக்கும் தினம் இரண்டு வேளை வாய் சுத்தம் செய்ய வேண்டும். "சாப்பிடாத வாய்தானே" என்று விட்டுவிடுவதை நாங்கள் மிக அதிகமாகப் பார்க்கிறோம்.

அட்டெண்டரே அம்மாவுக்கு இன்சுலின் போடலாமா?
— வாசகி, சேலம்

அட்டெண்டர் செவிலியர் அல்லர். ஏ.என்.எம்., ஜி.என்.எம்., பி.எஸ்சி. நர்சிங் படித்து, தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் பதிவு செய்தவர்தான் செவிலியர். ஏஜென்சிகள் எல்லோரையும் "ஹோம் நர்ஸ்" என்று சொல்லி அனுப்புவதால் இந்த வேறுபாடு மறைந்துவிடுகிறது. இன்சுலினை வீட்டில் ஒருவர் கற்றுக்கொண்டு போடுவதே நல்லது. கற்பது கடினம் இல்லை.

யார் போட்டாலும் பார்க்க வேண்டியது சிரிஞ்ச். நம் ஊரில் கிடைக்கும் இன்சுலின் குப்பிகளில் பெரும்பாலானவை ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச். 100 யூனிட் குப்பிக்கு ஆரஞ்சு மூடி. 40 யூனிட் குப்பியிலிருந்து ஆரஞ்சு சிரிஞ்சில் 20 கோடு எடுத்தால் உடம்பில் இறங்குவது 8 யூனிட்தான். மாறாக, 100 யூனிட் மருந்தைச் சிவப்பு சிரிஞ்சில் 20 கோடு எடுத்தால் 50 யூனிட் இறங்கும், அது உயிருக்கே ஆபத்து. சாப்பாடு தயாரான பிறகே ஊசி என்பதும் முக்கியம். ஊசி போட்டுவிட்டுச் சமையல் தாமதமாகும் வீடுகளில்தான் சர்க்கரை இறங்கி மயங்குகிறார்கள். ரத்தத்தில் சர்க்கரை 70-க்குக் கீழே போனால், நினைவு இருப்பவருக்கு மூன்று டீஸ்பூன் சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்து 15 நிமிடத்தில் மறுபடி பார்க்க வேண்டும். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108-ஐ அழையுங்கள். அம்மாவின் வயிற்றை ஒருமுறை தடவிப் பாருங்கள். ஒரே இடத்தில் குத்திக் குத்திக் கெட்டியான மேடு வந்திருந்தால், அங்கே போடும் மருந்து சரியாக உடம்பில் சேராது.

பாட்டிக்கு ஆள் வைத்து ஒரு மாதம் ஆகிறது. முன்பு இரவெல்லாம் கத்துவார், இப்போது எப்போது பார்த்தாலும் தூங்குகிறார். "என்னிடம் வந்து அமைதியாகிவிட்டார்" என்கிறார் அட்டெண்டர். சந்தோஷப்படுவதா, சந்தேகப்படுவதா?
— வாசகர், கோயம்புத்தூர்

இரண்டும் வேண்டாம், முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். வயதானவர் திடீரென்று தூங்கி வழிந்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்திருக்கலாம், சிறுநீரில் கிருமி இருக்கலாம், சர்க்கரை ஏறவோ இறங்கவோ செய்திருக்கலாம். சில வாரங்களுக்கு முன் விழுந்திருந்தால் மண்டைக்குள் மெல்ல ரத்தம் கசிந்திருக்கலாம். இவற்றைத் தேடாமல் ஆளைக் குற்றம் சாட்டினால் நோய் நழுவிவிடும்.

அதே நாளில் மாத்திரைப் பட்டைகளை எண்ணுங்கள். வாங்கிய தேதி, வாங்கிய எண்ணிக்கை, தினம் எத்தனை என்று கணக்குப் போட்டால் மீதி எவ்வளவு இருக்க வேண்டும் என்பது தெரியும். தூக்க மாத்திரை கணக்கைவிடக் குறைவாக இருந்தால் கூடுதலாகக் கொடுக்கப்பட்டிருக்கலாம். எண்ணிக்கை சரியாக இருந்தும் சந்தேகம் தீரவில்லை என்றால், சளிக்கும் இருமலுக்கும் கடையில் வாங்கும் மாத்திரை, சிரப் ஏதாவது வீட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். அவற்றில் பல, முதியவர்களுக்குக் கடுமையான தூக்கமும் குழப்பமும் தரும். மேற்கையின் உட்பக்கம் விரல் பதிந்தது போன்ற கன்றிய தடமோ, இரண்டு மணிக்கட்டிலும் ஒரே மாதிரிக் கட்டிய தடமோ இருந்தால் படம் எடுத்து வைத்து டாக்டரிடம் காட்டுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்களுக்கு லேசாகப் பட்டாலே கன்றும் என்பதால் தீர்ப்பை அவரிடம் விடுங்கள். உறுதியானால் ஆளை அன்றே நிறுத்துங்கள். முதியோர் உதவி எண் 14567, காலை 8 முதல் இரவு 8 வரை. அவசரம் என்றால் 112.

அறையில் கேமரா வைக்கலாமா?
— வாசகர், சென்னை

வைப்பதென்றால் அட்டெண்டரிடமும், புரிந்துகொள்ளும் நிலையில் இருந்தால் படுத்திருப்பவரிடமும் சொல்லிவிட்டு வையுங்கள். உடை மாற்றும், உடம்பு துடைக்கும் நேரங்களில் பதிவு நிற்க வேண்டும். அம்மாவின் நிர்வாணம் நாலு பேர் போனில் கிடப்பது எந்தப் பாதுகாப்பும் ஆகாது. ஓங்கிய கையைக் கேமரா காட்டும். மெத்தையில் காற்று இல்லாததையும் வாயில் ஒதுங்கிய சோற்றையும் காட்டாது. அதற்கு ஆள்தான் போய்ப் பார்க்க வேண்டும்.

இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் முடிந்த அப்பா, வாக்கரில் பாத்ரூம் வரை நடந்துகொண்டிருந்தார். நல்ல ஆள் கிடைத்தார். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, டயப்பர் எல்லாமே அவர்தான். இப்போது அப்பா எழுந்து நிற்கவே பயப்படுகிறார். என்ன ஆயிற்று?
— வாசகி, தஞ்சாவூர்

எல்லாவற்றையும் செய்துவிட்டதுதான் ஆயிற்று. தானாகச் சாப்பிட அரை மணி நேரம் எடுப்பவருக்கு ஊட்டிவிட்டால் பத்து நிமிடம். பாத்ரூமுக்கு நடத்திக் கூட்டிப்போவதைவிட டயப்பர் சுலபம். பார்ப்பவர்களுக்கும் அது கனிவாகத்தான் தெரியும். ஆனால் படுக்கையிலேயே கிடக்கும் முதியவரின் தொடைத் தசை சில நாட்களிலேயே கரையத் தொடங்கிவிடும், திரும்பப் பெற வாரக்கணக்கில் ஆகும். நல்ல பராமரிப்பின் முதல் அடையாளமே, அவரால் முடிந்ததை அவரே செய்ய விட்டு, முடியாத இடத்தில் மட்டும் கை கொடுப்பது.

இதை அளக்கப் பார்தெல் அளவுகோல் என்று ஒன்று இருக்கிறது. மஹோனி என்ற மருத்துவரும் பார்தெல் என்ற பிசியோதெரபிஸ்டும் 1965-இல் அமெரிக்காவில் வெளியிட்டது. இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது. பத்து வேலைகள், மொத்தம் 100 மதிப்பெண். படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவதற்கும் நடப்பதற்கும் தலா 15. சாப்பிடுவது, உடுத்துவது, மலத்தை அடக்குவது, சிறுநீரை அடக்குவது, கழிப்பறைக்குப் போய் வருவது, படி ஏறுவது ஆகியவற்றுக்குத் தலா 10. குளிப்பதற்கும் முகம் கழுவி, தலை வாரிக்கொள்வதற்கும் தலா 5. யார் உதவியும் இல்லாமல் செய்தால் முழு மதிப்பெண், உதவியோடு செய்தால் குறைவு, முடியாவிட்டால் பூஜ்யம். அவரால் செய்ய முடியும் என்பதற்கு மதிப்பெண் கிடையாது, நேற்று நிஜமாகச் செய்தாரா என்பதற்குத்தான். ஆள் வந்த அன்று ஒன்று, பிறகு மாதம் ஒன்று, ஒரே நபர் போட வேண்டும். புதிய நோய் எதுவும் இல்லாமல் மதிப்பெண் இறங்கினால் பராமரிப்பில் கோளாறு.

அப்பாவுக்குச் சிறுநீர் வருவது தெரிகிறது என்றால் பகலில் டயப்பரைக் கழற்றுங்கள். இரண்டு அல்லது மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பாத்ரூமுக்குப் போகும் நேரம் வைத்துக்கொள்ளுங்கள். பிசியோதெரபிஸ்ட் ஒருவர் வந்து, அட்டெண்டருக்கே எழுப்பி நிறுத்தும் முறையைக் கற்றுக்கொடுப்பது நல்லது. விழுந்துவிடுவாரோ, பழி தன் மேல் வருமோ என்ற பயம் அவருக்கும் இருக்கும்.

வந்து பார்த்துச் சொல்ல, தெரிந்தவர் யாராவது கிடைப்பார்களா? நாங்கள் இருப்பது கிராமத்தில்.
— வாசகர், நத்தம் அருகில்

ஆரம்ப சுகாதார நிலையத்தில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தைக் கேளுங்கள். 2021 ஆகஸ்ட் 5-இல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கி மாநிலம் முழுக்க நடக்கிறது. பிரஷர், சர்க்கரைக்கு மாத்திரை கொண்டுவந்து தருவதோடு, வீட்டில் படுத்திருப்பவர்களுக்கு வலி தணிப்புச் சிகிச்சை, பிசியோதெரபி ஆகியவையும் அதில் உண்டு, கட்டணம் இல்லை. வரும் செவிலியரிடம் முதுகைத் திருப்பிக் காட்டுங்கள், சிறுநீர்க் குழாய் போட்டிருந்தால் சிறுநீர் சேரும் பையையும் காட்டுங்கள். பை எப்போதும் இடுப்புக்குக் கீழேதான் தொங்க வேண்டும், தரையில் படக் கூடாது. அட்டெண்டர் அதைத் தூக்கிக் கட்டிலின் மேல் வைத்தால் சிறுநீர் திரும்பி உள்ளே போய்க் கிருமி ஏறும். 50 கிலோ உள்ளவருக்கு ஒரு நாளில் 600 மில்லிக்குக் கீழே சிறுநீர் இறங்கினால் சொல்ல வேண்டும்.

புதிதாக ஆள் எடுக்கப்போகிறோம். சர்ட்டிபிகேட் பார்த்தால் போதுமா?
— வாசகி, திருநெல்வேலி

ஜெனரல் டியூட்டி அசிஸ்டெண்ட், ஹோம் ஹெல்த் எய்ட் ஆகிய பயிற்சிகளின் சான்றிதழ் இருந்தால் நல்லது. தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் வீட்டு வேலையாளுக்கான சரிபார்ப்புக்கு விண்ணப்பிக்கலாம். இவற்றைவிட, முதல் நாள் உங்கள் கண் முன்னே மூன்று வேலைகளைச் செய்யச் சொல்லிப் பாருங்கள்: ஒருக்களித்துத் திருப்புவது, உடம்பு துடைப்பது, டயப்பர் மாற்றுவது. திருப்பும் முன் "அம்மா, இந்தப் பக்கம் திருப்பப்போறேன்" என்று சொல்கிறாரா? தண்ணீர்ச் சூட்டை முழங்கையில் தொட்டுப் பார்க்கிறாரா? துடைக்கும் பாகம் தவிர மற்றதைப் போர்த்தி வைக்கிறாரா? பெண்களுக்கு முன்னிருந்து பின்னாகத் துடைக்கிறாரா? டயப்பர் மாற்றிய கையுறையோடு தம்ளரை எடுக்கிறாரா? "என்ன நடந்தால் எங்களுக்குப் போன் செய்வீர்கள்?" என்றும் கேளுங்கள். "ஒண்ணும் ஆகாதும்மா, நான் பாத்துக்கறேன்" என்பவரைவிட, "காய்ச்சல் வந்தா, சாப்பாட்டை ஒதுக்கினா, யூரின் கலங்கலா வந்தா சொல்லுவேன்" என்பவரை எடுங்கள்.

நான் அட்டெண்டர் வேலை பார்க்கிறேன். 24 மணி நேர டியூட்டி. ஐயா 80 கிலோ. தனியாகத்தான் புரட்ட வேண்டும், ராத்திரியும் இரண்டு மணிக்கு ஒருமுறை எழ வேண்டும். பகலில் துணி துவைக்கவும் சொல்கிறார்கள். ஒரு நாள் தாமதமானாலும் "சரியாகப் பார்ப்பதில்லை" என்று ஏஜென்சிக்குப் போன் போகிறது. என் பக்கத்தை யார் பார்ப்பது?
— வாசகி, காஞ்சிபுரம்

உங்கள் கேள்வியை எல்லா வீட்டாரும் படிக்க வேண்டும். இரவு 12, 2, 4 மணிக்கு எழுந்து புரட்டுபவர் மறுநாள் பகலில் மருந்தை மாற்றிக் கொடுக்காமல் இருந்தால் அதுவே பெரிய விஷயம். ஒரே மனிதர் 24 மணி நேரமும் விழித்திருக்க முடியாது. இரவு வேலையில் குறைந்தது பாதியை வீட்டார் எடுத்துக்கொள்ள வேண்டும், அல்லது இரவுக்கு இன்னொரு ஆள் வேண்டும். 80 கிலோ உள்ளவரை ஒருவரே தூக்கி நகர்த்தினால் உங்கள் முதுகு போகும், அவர் தோல் கிழியும். குறுக்கு விரிப்பு, இடுப்பு உயரத்துக்கு ஏற்றி இறக்கும் கட்டில், கையுறை, தூக்கும் நேரத்தில் இன்னொரு கை, இவற்றைக் கேட்பது உங்கள் உரிமை. கொடுக்காமல் தரத்தை எதிர்பார்ப்பது நியாயம் இல்லை.

ஏஜென்சியிடம் வேலைப் பட்டியலை எழுத்தில் வாங்குங்கள். ஐயாவின் துணி உங்கள் வேலை, வீட்டார் துணி அல்ல. படுக்க இடம், நேரத்துக்குச் சாப்பாடு, வார விடுமுறை, விடுமுறை நாளில் வரும் மாற்று ஆள் ஆகியவையும் அதில் இருக்கட்டும். வீட்டில் யாராவது பாலியல் தொல்லை கொடுத்தால், வேலை செய்யும் இடத்தில் பெண்களுக்கு நடக்கும் பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் வீட்டு வேலை செய்பவர்களுக்கும் பொருந்தும். மாவட்டத்துக்கான உள்ளூர்க் குழுவில் புகார் தரலாம், ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள்.

ஒரு நோட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். புரட்டிய நேரம், சாப்பிட்ட அளவு, சிறுநீர், மலம், தோலில் கண்ட மாற்றம் எல்லாவற்றையும் நடந்த உடனே எழுதுங்கள். தாமதமானால் அதையும் காரணத்தோடு எழுதுங்கள்: "2 மணிக்குத் தனியாகத் திருப்ப முடியவில்லை, 3.10-க்கு மகன் வந்ததும் திருப்பினோம்." தினமும் வீட்டாரில் ஒருவரைப் படித்துக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். ஏஜென்சியிலிருந்து போன் வந்தால் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பிவிடலாம்.